ஈரம் பட்ட உப்பு

சுருவில் கிராமத்தில் கோசலாவின் வீடு பெரியது. இருக்கிற ஆள் அவள் மட்டும்தான். அப்பா, அம்மா காலமாகிவிட்டார்கள். கலியாணம் முடித்த கையோடு புருசன் அனோஜனும் கனடா போய்விட்டான். காலையில் பஸ் ஏறி யாழ்ப்பாணத்து ஆய்வுகூடத்துக்குப் போவாள். மாலையில் திரும்பிவந்து ஒரு வயிற்றுக்கு உலை வைப்பாள். சும்மா சொல்லக்கூடாது, பொல்லாத தனிமை.

அவள் கட்டிக்கொண்டு அழுதது ஓர் உப்பை. போரனும் ஐதரசனும் சேர்ந்து பந்து போல உருண்ட மூலக்கூறுகள், இடையிடையே சோடியம் அயன்கள். கல்லுப்போல இறுகிக் கிடக்கிறதே என்று நினைத்துவிட வேண்டாம். நன்றாகச் சூடேற்றினால் அந்தப் பந்துகள் இருந்த இடத்திலேயே சுழலத் தொடங்கும். திருவிழாச் சனத்துக்குள் ஆள் தோளைத் திருப்பினால் வழி கிடைக்குமே, அப்படிச் சோடியம் அயன்கள் நழுவி ஓடும். மின் கடக்கும். தீப்பிடிக்காத பற்றரி செய்ய இது போதும். கரைச்சல் என்னவென்றால், அறை வெப்பத்தில் பந்துகள் சுழலமாட்டோம் என்று கிடக்கும். வேறொரு பொருளைச் சிறிது கலந்து, சூடில்லாமலே அவற்றைச் சுழலவைக்க மாதக்கணக்காக மல்லுக்கட்டினாள்.

“உம்மடை பந்தும் உம்மைப் போலத்தான், இடத்தை விட்டு அசையாது,” என்று அனோஜன் போனில் பகிடி விட்டான். அன்றைக்கே இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். உப்பு அறை வெப்பத்தில் மின் கடத்தினால் அவளுக்கு இங்கே நிலையான பதவி கிடைக்கும். அவன் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வருவான். கடத்தாவிட்டால் அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கனடா போகவேண்டும்.

சரஸ்வதி பூசை வந்தது. அன்றைக்கு ஆய்வுகூடத்தில் யாரும் வேலை செய்யமாட்டார்கள். கருவிகளுக்குச் சந்தனம் வைத்துச் சாமிப்படத்துக்கு முன்னால் பரப்புவார்கள். நல்ல மழை. கோசலா வீட்டிலேயே நின்றுவிட்டாள். மறுநாள் விசயதசமி, நல்ல நாளென்று முதல் வேலையாக உப்பில் மின் கடக்கிறதா என்று அளந்தாள். சூடே ஏற்றவில்லை, கடத்துதிறன் கிடுகிடுவென்று ஏறியது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

“கெட்டிக்காரி. நாளைக்கே வேலையை விடுறனெண்டு சொல்லுறன்,” என்றான் அனோஜன். அடுத்த நாள், “சொல்லியாச்சு,” என்றான். கோசலா அறைகளைக் கழுவி, யன்னல்களுக்குப் புதுச் சீலை போட்டாள்.

சரிபார்க்க இன்னொருமுறை அதே உப்பைச் செய்தாள். அதில் மின் கடக்கவேயில்லை. பழைய உப்பு இருந்த சின்ன உலோகப் பேணியை எடுத்துப் பார்த்தாள். மூடியின் புரியில் சந்தனம் காய்ந்திருந்தது. ஆய்வுகூட உதவியாளர் றஞ்சனியிடம் ஓடினாள்.

“அக்கா, இதையும் பூசைக்கு வைச்சனீங்களோ?”

“ஓம் தங்கச்சி. உம்மடை வேலை சரிவரவேணுமெண்டு நடுவிலை வைச்சனான். மூடிக் கிடந்தால் அம்மாள் எப்பிடிப் பாக்கிறது? மூடியைத் திறந்து வைச்சிட்டு, பின்னேரம் கவனமாய் மூடினனான்.”

மழைக்காற்றில் ஒரு பகல் முழுக்கத் திறந்து கிடந்த உப்பு ஈரத்தைக் குடித்துவிட்டது. மின் கடந்தது அந்தத் தண்ணீரால். பந்து ஒன்றும் சுழலவில்லை. றஞ்சனியைக் கோபிக்கக் கோசலாவுக்கு மனம் வரவில்லை. அவளுக்காகக் கும்பிட இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்?

வீட்டுக்கு வந்ததும் அனோஜனைக் கூப்பிட்டாள்.

“பிழைச்சுப் போச்சு. அது வெறும் ஈரம். அவசரப்பட்டு உங்கடை வேலையையும் கெடுத்துப் போட்டன். திரும்பக் கேட்டால் தருவினமோ?”

மறுபக்கத்தில் அவன் மூச்சு விட்ட சத்தம் கேட்டது.

“அப்பாடா. அழாதையும். நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. வேலை அப்பிடியே இருக்கு.”

“சொல்லியாச்சு எண்டனீங்கள்.”

“அது உம்மடை சந்தோசத்துக்குச் சொன்னது. அதை விடும். இனி நீர் இங்கை வாறதுதானே?”

உப்பு உண்மையாகவே கடத்தியிருந்தாலும் அவன் வந்திருக்கமாட்டான். அது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. கனடாக் குளிருக்கு என்னென்ன உடுப்பு வாங்கவேண்டும் என்று அவன் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனான். கோசலா, “ஓம், ஓம்,” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.