புன்னைச் சோலை யாருக்குச் சொந்தம்

"இது காதல் பாட்டே இல்ல" என்று ஜெயலெட்சுமி சொன்னதும் புவனேஸ்வரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். டத்தோ கிராமாட் வட்டாரத்தில் ஒரு பழைய கடைவீட்டு மாடியில்தான் தமிழ் மன்றம். மன்றத்தின் செயலாளர் அவர். மைக் முன்னால் நிற்பவள் அவர் மனைவி. மாதக் கூட்டத்துக்கு வழக்கமாக வருகிறவர்களை ஒரு வேனில் ஏற்றிவிடலாம். இன்றைக்கென்று பார்த்து நாற்காலி போதவில்லை. பேச்சின் தலைப்பில் அரசியல் என்று போட்டதால் வந்தார்களா, வேறு எதையாவது மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தார்களா?

பாட்டு என்னவோ சாதாரணச் சங்கப் பாட்டுதான். கடற்கரையில் ஒரு புன்னைச் சோலை. அங்கே வைத்து ஒருத்திக்கு வாக்குக் கொடுத்தவன் திரும்பி வரவில்லை. அவ்வளவுதான். இதில் போய் அரசியலைத் தோண்டி எடுக்கிறாளாம் இந்த மகராசி!

"அந்தச் சோலை ஊருக்குப் பொது. அத எவனோ பெரிய மனுசன் கையில குடுத்துட்டாங்கன்னு வைங்க. புலவர் வெளிய சொன்னா தலை இருக்குமா? காதல் பாட்டுல யார் பேரும் சொல்லக் கூடாதுன்னு மரபு இருக்கு. அதுக்குள்ள போயி ஒளிஞ்சிக்கிட்டாரு. என் ஊகம்தான் லா."

ஊகமாம். புவனேஸ்வரன் நம்பவில்லை. போன வாரம்தான் மன்றத்துக்குச் சொந்தமான இந்த மாடியையும் கீழ்க்கடையையும், யாரையும் கேட்காமல், டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பணக்காரருக்கு விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். இங்கே ஹோட்டல் வரப்போகிறது. தீபாவளி கழியட்டும், மன்றத் தேர்தலில் இன்னொரு தரம் ஜெயித்துவிடுவோம், பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார். அதற்குள் வெளியே தெரிந்தால் இத்தனை வருஷம் சேர்த்த பேர் ஒரே நாளில் நாறிவிடும். அன்றைக்கு டத்தோ தன் காடியை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து பேசிக்கொண்டிருந்தபோது ஜெயாதான் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அவளைக் கண்டதும் இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். கோப்பையை வைத்தபோது கொஞ்சம் பலமாகவே சத்தம் வந்ததோ? அதற்கப்புறம் ரசத்தில் உப்பு வேறு கம்மி. எல்லாம் தெரிந்துகொண்டு, வீட்டில் வாயைத் திறக்காமல், ஊரைக் கூட்டி வைத்துப் பாட்டுச் சொல்கிறாள். கள்ளி!

முன்வரிசையில் விநாசித்தம்பி கையைத் தூக்கினார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பென்ஷன் வாங்கும் பழைய கிளார்க்கு. எதையும் குடையாமல் விடமாட்டார்.

"சோலையைக் குடுத்தவன் ஆர், தங்கச்சி?"

"பேரு சொல்லக் கூடாதுன்னு இப்பதானே அண்ணே சொன்னேன்" என்று சிரித்தாள் ஜெயலெட்சுமி. கூட்டமும் சிரித்தது. சிரிப்போடு அவள் கண் இந்தப் பக்கம் வந்து போனது. பக்கத்து நாற்காலி அருந்ததிகூடத் தன்னைத் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது அவருக்கு. வெளியே மழை பிடித்துக்கொண்டது. அதற்கு மேல் அவரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"நிறுத்து ஜெயா!" எழுந்தே விட்டார். "குடுத்தான் குடுத்தான்னா, ஏன் குடுத்தான்னு யாராச்சும் யோசிச்சீங்களா? கூரை ஒழுகுது. ரிப்பேருக்கு ஒருத்தனும் கை குடுக்கல. அவன் மட்டும் எத்தன நாளைக்கு லா வாளி வச்சிக்கிட்டு நிப்பான்?"



"சோலைக்கு எங்கயிருந்து கூரை வந்தது, தம்பி?" என்றார் விநாசித்தம்பி மெதுவாக.

புவனேஸ்வரன் மனைவியைப் பார்த்தார். தெரிந்து வைத்துக்கொண்டு குத்துகிறவள் முகமாக அது இல்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. வாசலில் நின்ற காடி, தேத்தண்ணி, பாதியில் நின்ற பேச்சு எல்லாம் இப்போதுதான் ஒவ்வொன்றாக அவளுக்குப் புரிந்துகொண்டிருந்தது. ஐயோ, இவளுக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை!

மேலேயிருந்து சொட்டு விழத் தொடங்கியது. எப்போதும் விழுகிற இடம்தான். மூலையில் கிடக்கும் வாளியை எப்போதும் அவர்தான் எடுத்து வைப்பார். இன்றைக்கு ஜெயலெட்சுமி மைக்கை மேசையில் வைத்துவிட்டுப் போய், வாளியை எடுத்து வந்து சொட்டுக்கு நேராக வைத்தாள். ஒவ்வொருவராக நிமிர்ந்து கூரையைப் பார்த்தார்கள். அவள் நிமிரவில்லை, அவரையே பார்த்தபடி நின்றாள். காலி வாளியில் விழுந்த ஒவ்வொரு சொட்டும் மாடி முழுக்கக் கேட்டது.