நான்காம் மாதம் பன்னிரண்டு

வரலாறு படித்துவிட்டு எதைச் சாப்பிட்டு உயிர் வாழ்வாய் என்று கேட்காத உறவினர் எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை. அரசியல் அறிவியல் படித்த மேங் சொக்ஜூவிடம் அதையே வேறு விதமாகக் கேட்டார்கள்: "எந்தக் கட்சியில சேரப் போறே?" ஜொஞ்சு நகரத்தில் எங்கள் பல்கலைக்கழகத்தில் இரண்டு துறைகளும் ஒரே மாடியில் எதிரெதிரே இருந்தன. நடுவில் ஒரு காபி இயந்திரம். அதன் முன்னால்தான் அவனை முதலில் பார்த்தேன். என் பெயர் பியோ யங்ரான் என்று சொன்ன பிறகும் அவன் என்னைச் "சரித்திரம்" என்றுதான் கூப்பிட்டான். நான் அவனை "அரசியல்" என்றேன். ராணுவ சேவை முடித்துவிட்டுப் படிக்க வந்தவன், என்னைவிட மூன்று வயது மூத்தவன். அண்ணா என்று கூப்பிடச் சொல்லிப் பார்த்தான். நான் கூப்பிடவில்லை.

பிற்பாடு எங்கள் இருவருக்கும் கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகள் பிறந்து, தலை நரைத்த பிறகும் அந்தப் பெயர்கள் மாறவில்லை. போன வருடம் மருத்துவமனையில், கடைசி வாரத்தில், "சரித்திரம் வந்தாச்சா?" என்று நர்ஸிடம் கேட்டிருக்கிறான். அந்தப் பெண் என்னைத் தனியே அழைத்து, "ஐயாவுக்கு நினைவு தடுமாறுதும்மா" என்றாள். இல்லை, தடுமாறவில்லை என்றேன்.

நான் சொல்ல வந்தது 1993ஆம் வருடத்துக் கதை. நாங்கள் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தோம். சொக்ஜூவின் அப்பா குன்சான் துறைமுகத்தில் மீன் ஏலம் விடுபவர். மகனுக்கு அவர் கெடு வைத்திருந்தார். "இந்தக் கோடைக்குள்ள ஒரு வழியைக் காட்டு. இல்லேன்னா சித்தப்பாவோட ஐஸ் கிடங்குக்கு வந்து சேரு. கணக்கா மூணு மாசத்துல தொழில் கத்துக்கலாம்." சொக்ஜூ கண்டுபிடித்த வழி, தலைநகர் சோலில் ஓர் அறக்கட்டளை நடத்திய மாணவர் ஆய்வுப் போட்டி. முதல் பரிசு வாங்கும் அணிக்கு அவர்களுடைய ஆய்வு மையத்தில் இரண்டு வருட வேலை. ஐம்பதுக்கும் மேற்பட்ட அணிகளில் ஆறு அணிகள் இறுதிச் சுற்றுக்குப் போயின. அதில் நாங்கள் இருந்தோம்.

எங்கள் ஆய்வு ஜாங்சு மலைப்பக்கத்தில் சொங்கோல் என்ற சிற்றூரைப் பற்றியது. 1952இல், போர் நடந்துகொண்டிருந்தபோது, அந்த ஊரின் இருபத்தொன்பது வீடுகளும் கூடி ஊர்த்தலைவரைத் தாங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தன. அதுவரை கூ குடும்பத்துப் பெரியவர் யாரைக் கைகாட்டுகிறாரோ அவர்தான் தலைவர். அன்று முற்றத்தில் ஒரு ஜாடியை வைத்தார்கள். கூ குடும்பத்துக்கு ஓட்டு என்றால் சிவப்புப் பயறு, குத்தகைக்காரர் மகன் ஓக் பால்யோங்குக்கு என்றால் வெள்ளை சோயா. பதினொரு வீடுகளில் ஆண்கள் இல்லை, போர் கொண்டுபோயிருந்தது. அந்த வீட்டுப் பெண்கள் வந்து போட்டார்கள். பதினேழு சோயா, பன்னிரண்டு பயறு. ஓக் பால்யோங் ஜெயித்தார்.

அந்த ஓக் தாத்தாவைக் குளிர்காலத்தில் போய்ப் பேட்டி கண்டது நான்தான். ஓட்டுப் போட்ட நாள் எது என்று கேட்டேன். "நாலாம் மாசம் பன்னிரண்டு" என்றார். அரசாங்கம் நாட்டிலேயே முதல் உள்ளாட்சித் தேர்தலை நடத்தியது ஏப்ரல் இருபத்தைந்தில். அப்படியென்றால் எங்கள் ஊர் பதின்மூன்று நாள் முந்திவிட்டது! சட்டம் வருவதற்கு முன்பே ஜனங்கள் ஜனநாயகத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று சொக்ஜூ இருபது பக்கம் எழுதினான். "முதல்" என்ற சொல் தலைப்பிலேயே இருந்தது. துறையில் துணிப்பதாகை எழுதி முதன்மை வாயிலில் கட்டினார்கள்: நாட்டின் முதல் கிராமத் தேர்தலைக் கண்டறிந்த நம் மாணவர்கள்.

இறுதிச் சுற்று ஜூன் ஐந்தாம் தேதி, சனிக்கிழமை. அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை, அச்சிட்ட பிரதி ஒன்றைக் கொடுப்பதற்காக இருவரும் சொங்கோலுக்குப் போனோம். மதியம் இரண்டு மணி. வீடு முழுக்க எண்ணெய் வாசனை. தாத்தாவின் மருமகள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, சுரைக்காய் வில்லைகளை மாவிலும் முட்டையிலும் தோய்த்துப் பொரித்துக்கொண்டிருந்தார்.

"அட, படிச்ச பிள்ளைங்க சரியான நாளாப் பாத்து வந்துட்டாங்க! பொண்ணே, கையைக் கழுவிட்டு வந்து கரண்டியைப் பிடி. அந்த நெட்டையன் சும்மா நிக்காம கஷ்கொட்டை உரிக்கட்டும். ஆம்பளைங்க வேலை அது ஒண்ணுதான், அதையும் செய்யலேன்னா எப்படி?"

"என்ன விசேஷம் அக்கா?" என்றேன்.

"மாமனாரோட அப்பாவுக்கு இன்னிக்குத் திதி."

தாத்தா கூடத்தில் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு எங்கள் ஆய்வைத் தடவித் தடவிப் பார்த்தார். "என் பேரு அச்சுல வந்திருக்கே! எங்கப்பன் பாத்திருக்கணும். அன்னிக்கு ஓட்டு எண்ணி முடிச்சு நேரா வீட்டுக்குத்தான் வந்தேன். அவன் திதிப் படையல் முன்னாடி விழுந்து கும்பிட்டு, 'அப்பா, கூ வீட்டை ஜெயிச்சுட்டேன்'னு அவன்கிட்டதான் முதல்ல சொன்னேன்."

என் கையில் கரண்டி அப்படியே நின்றது. "ஓட்டுப் போட்ட நாளும் திதியும் ஒரே நாளா தாத்தா?"

"ஒரே நாள்தான். அதனாலதானே மறக்காம சொன்னேன். நாலாம் மாசம் பன்னிரண்டு."

சுவரில் உழவர் கூட்டுறவுச் சங்கம் கொடுத்த நாட்காட்டி தொங்கியது. பெரிய எழுத்தில் ஜூன் 1. அதன் கீழே எறும்பு அளவுக்குச் சந்திரக் கணக்கு: 4.12.

எங்கள் துறையில் முதல் வருடமே மண்டையில் அடித்துச் சொல்லித் தருவது ஒன்று உண்டு. வயதானவர்கள் சொல்லும் எந்தத் தேதிக்கும் "சந்திரக் கணக்கா, சூரியக் கணக்கா?" என்று கேள். பேட்டித் தாளிலேயே அதற்கு இரண்டு வட்டங்கள் இருக்கும், ஒன்றில் குறியிட வேண்டும். ஓக் தாத்தா இருபது வருடம் ஊர்த்தலைவராக இருந்தவர். பட்டாளத்தில் சேர்ந்தது, ஊருக்கு மின்சாரம் வந்தது எல்லாவற்றையும் அலுவலகக் கணக்கில் ஆங்கிலத் தேதியாகவே சொன்னார். அதனால் அந்த ஒரு தேதிக்கு நான் கேட்கவில்லை. இரண்டு வட்டமும் காலியாகவே இருந்தன. ஆனால் அவர் அந்த நாளை அலுவலகத்தை வைத்து நினைவில் வைக்கவில்லை, அப்பாவை வைத்து நினைவில் வைத்திருந்தார்.

சந்திரக் கணக்குப்படி அது மே மாதத் தொடக்கம். அரசாங்கத் தேர்தலுக்குப் பத்து நாள் பிந்தி.

சொக்ஜூ கஷ்கொட்டையை உரித்துக்கொண்டே நாட்காட்டியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். கத்தியை நிறுத்தவில்லை. கிண்ணம் நிறையும் வரை உரித்துவிட்டுத்தான் எழுந்தான்.

திரும்பும் பேருந்தில், அக்கா கட்டிக்கொடுத்த பலகாரப் பொட்டலம் என் மடியில் சுட்டது.

"தப்பு என்னோடது. மேடையில நானே சொல்லிடறேன்" என்றேன்.

"சொன்னா முதல் பரிசு போயிடும்."

"தெரியும்."

"சொல்லலேன்னா யாருக்கும் தெரியாது. நடுவருங்க சொங்கோலுக்கா வரப் போறாங்க?" ஜன்னல் வழியே நாற்று நட்ட வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தான். "ஐஸ் கிடங்குல கையுறை தருவாங்கன்னு கேள்விப்பட்டேன். ரெண்டு ஜோடி."

நான் அழுதேன். அவன் பொட்டலத்தைப் பிரித்து ஒரு சுரைக்காய் வில்லையை என் வாயருகே நீட்டினான். "அழறதுன்னா தின்னுட்டு அழு, சரித்திரம். நான் ரெண்டு நாள் யோசிக்கறேன்."

வியாழக்கிழமை காலை காபி இயந்திரத்தின் முன்னால் என்னைப் பிடித்தான். கண் சிவந்திருந்தது, முகத்தில் சிரிப்பு. "தாத்தா பேட்டி டேப்பை மறுபடி கேட்டியா?"

"எதுக்கு?"

"குயவர் வீட்டு அம்மாவைப் பத்தித் தாத்தா சொல்றாரே, அதைக் கேளு." ஒலிப்பதிவுக் கருவியை என் காதில் வைத்து அழுத்தினான். தாத்தாவின் குரல் வந்தது. *கூட்டத்துல யாரும் வாயைத் திறக்கல. குயவன் பொண்டாட்டிதான், புருஷனைப் போருக்குக் குடுத்தவ, அவதான் எழுந்து கேட்டா. அங்க நம்ம கையில சீட்டைக் குடுத்துப் போடச் சொன்னாங்களே, இங்க மட்டும் கூ ஐயா எதுக்கு ஆளைக் காட்டணும்னு.*

இந்தப் பகுதியை நான்தான் எழுத்தில் பெயர்த்தேன். "அங்க" என்றால் எங்கே என்று புரியவில்லை, எங்கள் வாதத்துக்கும் ஒட்டவில்லை. விட்டுவிட்டோம்.

"பத்து நாள் முன்னாடி சர்க்கார் தேர்தல்ல ஓட்டுப் போட்டுட்டு வந்திருக்காங்க" என்றான் சொக்ஜூ. "ஊர்த்தலைவரை நீங்களே தேர்ந்தெடுங்கன்னு எந்தச் சட்டமும் சொல்லல. சட்டம் எங்க நின்னுச்சோ, அங்கிருந்து இவங்க எடுத்துட்டுப் போய்ட்டாங்க. முதல்ல எழுதினதைவிட இதுதான் நல்லா இருக்கு. உன் தப்பான தேதி இல்லேன்னா இது எனக்குத் தெரிஞ்சே இருக்காது!"

"பரிசு?"

"பரிசு போகட்டும். நான் எழுதின இருபது பக்கமும் பொய்யின்னு தெரிஞ்சுக்கிட்டு அந்த மேடையில நின்னு எப்படிப் பேசுவேன்? நாக்கு குழறும்."

சனிக்கிழமை சோல் அரங்கின் கடைசி வரிசையில் சொக்ஜூவின் அப்பா உட்கார்ந்திருந்தார். அவரிடம் இருந்த ஒரே கோட்-சூட், மடியில் காய்ந்த மீன் பெட்டி. நடுவர்களுக்குக் கொடுக்கலாமா என்று காலையில் கேட்டார். கூடாது என்று மகன் கெஞ்சிய பிறகு மடியிலேயே வைத்துக்கொண்டார்.

எங்கள் முறை வந்தது. சொக்ஜூ மைக்கைத் தொடாமலே பேசினான். "பெரியவங்களுக்கு வணக்கம். உங்க கையில இருக்கற அச்சுல தலைப்பும் பத்தாம் பக்கமும் தப்பு. சொங்கோல் முதல் ஊர் இல்ல."

அரங்கில் சலசலப்பு. நடுவிலிருந்த வழுக்கைத் தலை நடுவர் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, அப்போ இங்க எதுக்கு வந்திருக்கே?"

எல்லாரும் சிரித்தார்கள். சொக்ஜூவும் சிரித்தான். "அதைச் சொல்லத்தான் பதினைஞ்சு நிமிஷம் குடுத்திருக்கீங்க ஐயா."

தேதியை நான் சொன்னேன்: காலி வட்டங்கள், திதி, நாட்காட்டி. குயவர் வீட்டு அம்மாவிடம் வந்ததும் அவன் பக்கம் திரும்பினேன். மீதியை அவன் சொன்னான்.

முதல் பரிசு சோல் மாணவர்களுக்குப் போனது. எங்களுக்கு மூன்றாம் இடம், ஒரு பேனாப் பெட்டி. நடைபாதையில் சொக்ஜூவின் அப்பா எங்களை எதிர்கொண்டார்.

"தோத்துட்டியா?"

"ஆமாப்பா."

"ம். ஏலத்துல ஒருத்தன் எடை தப்பாச் சொல்லிட்டா, அப்புறம் அவன் வாயே திறக்க மாட்டான். நீ தப்புன்னு சொல்லிட்டு அதுக்கப்புறமும் நின்னு பேசினே." மீன் பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "பேசினது ஒண்ணும் புரியல. இலையுதிர்காலம் வரைக்கும் பாரு. சித்தப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

அப்போது நடுவர்களில் ஒருவரான நோ அம்மையார் பின்னாலேயே வந்தார். எங்கள் மாகாணத்தின் வரலாற்றுத் தொகுப்புக் குழுவில் இருந்தவர். "தேதி தப்புன்னு கண்டுபிடிச்சது யாரு?"

"தப்புப் பண்ணினதும் கண்டுபிடிச்சதும் நான்தாங்க" என்றேன்.

"நம்ம மாகாணத்துல இப்படி நூத்துக்கணக்குல ஊர் இருக்கு. கேட்டு எழுத ஒரு ஆளு, அதுக்கு என்ன அர்த்தம்னு சொல்ல ஒரு ஆளு வேணும். சோல்ல கிடைக்கிற மாதிரி வேலை இல்ல. ஒரு வருஷ ஒப்பந்தம், பேருந்துல அலையணும். வர்றீங்களா?"

சொக்ஜூ என்னைப் பார்க்காமலேயே "வர்றோம்" என்றான். அவனுடைய அப்பா அவ்வளவு நேரம் சுமந்த பெட்டியை நோ அம்மையாரின் கையில் வைத்துவிட்டார். அவர் மறுத்தும் கேட்கவில்லை.

அந்த ஒரு வருட ஒப்பந்தத்தில் அவன் இருபத்தாறு வருடம் வேலை செய்தான். முந்நூற்றுப் பன்னிரண்டு ஊர்கள், நான்கு தொகுதிகள். எங்கள் வகுப்பில் படித்த ஒருத்தி மாவட்ட மன்றத் தேர்தலில் மூன்று முறை ஜெயித்தாள். ஒருவன் தேர்தல் ஆணையத்தில் சேர்ந்தான். இன்னொருவன் அருங்காட்சியகத்தில் பெரிய பதவிக்குப் போனான். எதைச் சாப்பிட்டு உயிர் வாழ்வாய் என்று கேட்ட மாமாவின் பேத்தி இப்போது அதே மாடியில் வரலாறு படிக்கிறாள். வாயிலில் கட்டியிருந்த அந்தத் துணிப்பதாகையை, நாங்கள் சோலிலிருந்து திரும்பியதுமே இளைய மாணவர்கள் கழற்றி, எழுத்துப் பக்கம் கீழே போகும்படி விரித்து, புல்வெளியில் அதன் மேல் உட்கார்ந்து எங்களுக்கு விருந்து வைத்தார்கள்.

சென்ற வாரம் மகன் சுவொனிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டான்.

"அம்மா, அப்பாவோட முதல் திதி வருதே. போன்ல போட்டு வெச்சுக்கணும். எந்தத் தேதி?"

"எந்தக் கணக்குல கேக்கறே?"

"இப்பல்லாம் எல்லாரும் சூரியக் கணக்குலதாம்மா செய்யறாங்க. ஞாபகம் வெச்சுக்கச் சுலபம்."

"சூரியக் கணக்குலயே செய்வோம். ஆனா ரெண்டையும் எழுதிக்கோ. எது எந்தக் கணக்குன்னு பக்கத்துல எழுது. எந்த வருஷம்ங்கறதையும் எழுது."

"ஐயோ, யாரு பாக்கப் போறாங்க?"

"எவளோ ஒருத்தி வந்து கேப்பா" என்றேன். "எழுதிட்டு எனக்கு வாசிச்சுக் காட்டு."

வாசித்தான். இரண்டும் சரியாக இருந்தன. வியாழக்கிழமையே வந்துவிடச் சொன்னேன். கஷ்கொட்டை உரிக்க இந்த வீட்டில் இனி அவன்தான் இருக்கிறான்.