ஆறரை மணிப் பெட்டி

கடைசிக் கார் இறங்கியதும் ஆர்வே, தான் வேலைசெய்யும் கார்ப் படகின் தளத்தில் நின்றபடியே மகளின் அம்மா மேரேத்தேவைப் போனில் அழைத்தான். மணி ஏழு பத்து. கையுறையைக் கழற்றவும் பொறுமையில்லை, பல்லால் இழுத்தான். மகள் தீரிலுக்கு ஆறு வயது, இன்று பள்ளிக்கூடத்தில் முதல் நாள். காலையில் தலைமையாசிரியை தீரிலின் பெயரைச் சொன்னதும் அவள் தனியாக முன்னால் நடந்துபோய்க் கைகுலுக்கியதைப் பார்த்துவிட்டு நேரே வேலைக்கு வந்தவன். யார் பக்கத்தில் உட்கார்ந்தாள், ரொட்டியைச் சாப்பிட்டாளா, ஒன்றும் தெரியாது.

இது அம்மா வாரம். அவனும் மேரேத்தேவும் பிரிந்ததிலிருந்து பிள்ளை ஒரு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே என்று இரண்டு வருஷமாக ஓடுகிறது. அப்பா வாரத்தில் அவனுக்குப் பகல் வேலை, மற்ற வாரத்தில் சாயங்காலம்வரை நீளும் வேலை. "புள்ள இல்லாத வாரம் வீட்ல உக்காந்து சுவத்தையா பாக்கப்போற?" என்று கூட வேலைசெய்யும் ஊட்முன் கேட்டதில் வந்த ஏற்பாடு அது. வேலை முடிந்ததும் தீரில் டேப்லெட்டில் வீடியோ அழைப்பில் வருவாள். அந்தப் பத்து நிமிஷத்தை வைத்துத்தான் அவன் மீதி நேரத்தை ஓட்டுவது.

ஜூனில் பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்தது. நேரத்துக்குத் தூக்கம், காலை உணவு, பள்ளிக்கு நடந்துபோய்ப் பழகுவது, மாலையில் போன், டேப்லெட் திரைகளுக்கு ஓய்வு. எல்லாப் பெற்றோரும் அதைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டு மறந்தார்கள். ஆர்வே மறக்கவில்லை. பிள்ளையைப் பாதி நாள் மட்டும் வளர்க்கிறவனுக்கு முழுத் தகப்பன் என்று காட்டும் ஆசை கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். சிவப்பு மூடி போட்ட பிஸ்கட் டின் இரண்டு வாங்கினான், வீட்டுக்கு ஒன்று. ஆறரைக்குத் திரைகள் எல்லாம் உள்ளே, ஏழரைக்குப் படுக்கை. இரண்டு வீட்டுக்கும் ஒரே சட்டம், விதிவிலக்கு கிடையாது என்று மேரேத்தேவுக்குச் செய்தி அனுப்பினான். அவள் இழுத்தாள். அவன் விடவில்லை.

போன வாரம் முழுக்க ஒத்திகை. அவனும் தீரிலுமாகப் பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்து ரொட்டி கட்டினார்கள், பள்ளிவரை நடந்தார்கள். வடக்கு நார்வேயில் ஆகஸ்ட் மாதத்து ஏழரை மணி என்பது நல்ல வெயில். கறுப்புத் திரைச்சீலையை இழுத்துவிட்டு, இருட்டில் அன்று நடந்ததில் ஆளுக்கொரு நல்லது, ஒரு கெட்டது சொல்ல வேண்டும். முதலில் தீரில், பிறகு அவன்.

"சொல்லு," என்றாள் மேரேத்தே.

"தூங்கிட்டாளா?"

"இல்ல, படுக்கைல புத்தகம் பாத்துட்டிருக்கா."

"ஒரு நிமிஷம் குடேன்."

"மணி ஏழு பத்து, ஆர்வே."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. சட்டம் எழுதியபோது தன் வாரத்தை மட்டும் நினைத்து எழுதியிருக்கிறான். தன் வேலை ஏழு மணிக்கு முடியும் என்பது அவன் கணக்கிலேயே வரவில்லை.

"இன்னைக்கு முதல் நாளுப்பா. ஒரு நாள் மட்டும்."

"நான் மாட்டேன்னு சொல்லல. ஆறரைக்கு அவதான் டேப்லெட்ட டின்ல போட்டு மூடுனா. அப்பா கூப்புடுவாருடின்னு சொன்னேன். கூப்பிடமாட்டாரு, ஆறரைக்கு மேல யாருக்கும் கிடையாதுன்னு அப்பாதான் சொன்னாருன்னா. என் போனையும் வாங்கி உள்ள வச்சுட்டா. இப்ப அது அடிக்கிற சத்தத்தக் கேட்டுத்தான் திறந்தேன்."

"அழுதாளா?"

"இல்லையே. பெருமையா இருந்தா."

ஆர்வே கடலைப் பார்த்தான். அவன் போட்ட சட்டம் ஜெயித்துவிட்டது. "சரி. போன உள்ள வச்சிரு," என்றான்.

வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றினான். போனைச் சிவப்பு மூடி டின்னுக்குள் வைத்து மூடினான். கேட்க யாரும் இல்லைதான், ஆனாலும் மூடினான். தீரிலின் அறையில் படுக்கை அவள் விரித்துவைத்தபடியே இருந்தது. ஏழரைக்குக் கறுப்புத் திரைச்சீலையை இழுத்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

திரைச்சீலையின் ஓரத்தில் ஒரு கோடு வெயில் மிச்சமிருந்தது. நல்லதும் கெட்டதும் சொல்லும் அவளுடைய முறை முடியட்டும் என்று ஆர்வே காத்திருந்தான்.