மாதேஷ் காதால் கேட்ட படிப்பு

மாதேஷுக்கு மகளைப் பற்றிப் பேச ஓர் ஆள் கிடைத்துவிட்டால் போதும், வந்து நிற்கிற பேருந்தைக்கூட விட்டுவிடுவான். "எங்க கவி பாடம் படிச்சான்னா ரேடியோவுல செய்தி வாசிக்கற மாதிரி இருக்குங்க" என்பான். கம்பைநல்லூர் டீக்கடையில், தருமபுரி பட்டுக்கூடு மார்க்கெட்டில், உரம் வாங்கப் போன இடத்தில், எங்கேயும் இதே கச்சேரிதான். கேட்கிறவர்களுக்குச் சலித்துப்போனாலும் அவனுக்குச் சலிக்காது. ஒன்பதாவதோடு படிப்பை முடித்துக்கொண்ட மனுசன், ஐந்தாவது படிக்கிற மகளை இப்போதே கலெக்டர் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டிருந்தான்.

அவன் பொய் சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் தன் காதால் கேட்டதைத்தான் சொன்னான். வீட்டுக்குப் பின்னால் இருந்த புழு செட்டில் அவனும் மனைவி நிர்மலாவும் பட்டுப்புழுக்களுக்கு மல்பெரித் தழை போடுகிற நேரம் அது. பட்டுப்புழு மகா நோஞ்சான். வெளியிலிருந்து யாராவது நோயைக் காலில் ஒட்டிக்கொண்டு வந்தால் மொத்தமும் படுத்துவிடும். குளித்துவிட்டு, கை காலை மருந்துத் தண்ணீரில் கழுவிக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அத்தனை பேரோடும் புரண்டுவிட்டு வருகிற கவிப்பிரியாவுக்கு உள்ளே அனுமதி கிடையாது. அவள் கொசுவலை அடித்த கதவுக்கு வெளியே பலகையைப் போட்டு உட்கார்ந்து உரக்கப் படிப்பாள். உள்ளே இருக்கிறவர்கள் தழையைப் பரப்பிக்கொண்டே கேட்பார்கள். ஓரிடத்தில் தடுக்காது, ஓரிடத்தில் நிற்காது. மாதேஷ் தனக்குள் சிரித்துக்கொள்வான்.

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்று சீட்டு வந்தால் மட்டும் அவனுக்குப் புழு ஞாபகம் வந்துவிடும். புழு தோலுரிக்கிறது, புழு தின்கிறது, புழு கூடு கட்டுகிறது. இரண்டு வருசத்தில் ஒரு கூட்டத்துக்கும் அவன் போனதில்லை. நிர்மலாவையும் விட்டதில்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளைக்குக் கூட்டம் எதற்கு என்பது அவன் கட்சி.

அந்த ஆடி மாதக் கூட்டத்தன்று செட்டு காலியாகக் கிடந்தது. கூடு மார்க்கெட்டுக்குப் போய்விட்டது, தட்டுகள் கழுவி வெயிலில் காய்ந்தன.

"புழுவும் இல்ல, கூடும் இல்ல. இப்ப என்னா சாக்கு சொல்லுவீங்க?" என்றாள் நிர்மலா.

சாக்கு எதுவும் அகப்படவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, நாலு பேர் முன்னால் மகளைப் புகழ்வார்கள் என்ற நினைப்போடு கிளம்பினான்.

சசிகலா டீச்சர் அந்த வருசம்தான் மாற்றலாகி வந்தவர். மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து, அவனைத் தனியாக உட்கார வைத்துக்கொண்டார்.

"கவிக்குப் படிக்க வரலீங்க. எழுத்துக் கூட்டத் தெரியல."

மாதேஷுக்குச் சுர்ரென்று ஏறியது. "என்னாங்க டீச்சர் பேசறீங்க? தெனமும் எம் பொண்ணு படிக்கறத நான் காதால கேக்கறேன். வேற யார் புள்ளையோ நெனச்சிக்கிட்டு சொல்றீங்க."

டீச்சர் வாதாடவில்லை. "காதால கேட்டது போதும். இன்னிக்குப் பக்கத்துல உக்காந்து பாருங்க. வெரல வெச்சுப் படிக்கச் சொல்லுங்க. பாப்பாவைத் திட்டாதீங்க, அவ்வளவுதான்."

திட்டுவதா? டீச்சரைத்தான் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தான். சாயங்காலம் கவி பலகையைப் போட்டதும் முதல் முறையாக அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அவள் முகம் சட்டென்று வாடியது. அதை அவன் கவனித்தான், ஆனால் ஒன்றும் புரியவில்லை.

"வெரல வெச்சுப் படி சாமி."

அவள் ஏரியைப் பற்றிய பாடத்தைக் கணீரென்று ஆரம்பித்தாள். ஏரியில் தண்ணீர் ததும்பியது, கொக்குகள் வந்து இறங்கின, மீனவர் வலை வீசினார். விரல் மட்டும் சந்தையில் காய்கறி விற்கிற படத்துக்குக் கீழே ஊர்ந்துகொண்டிருந்தது.

மாதேஷ் புத்தகத்தை மெல்ல வாங்கி, ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டினான். "இது என்னா சாமி?"

கவி எழுத்தைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் வெளியே வந்தது. அவள் ஒன்றாவது சேர்ந்த வருசம் கொரோனாவில் பள்ளிக்கூடமே திறக்கவில்லை. இரண்டாவதில், வீட்டிலேயே கற்றுக்கொண்டு வந்த மற்றவர்களுக்கு எழுத்து தெரிந்திருந்தது, இவளுக்குத் தெரியவில்லை. வகுப்பில் எல்லோரும் சேர்ந்து படிப்பதைக் காதில் வாங்கி அப்படியே மனப்பாடம் செய்துகொண்டாள்.

"எங்ககிட்ட சொல்லலாம் இல்ல?"

"நான் படிச்சா நீ உள்ள சிரிப்பப்பா. நல்லாப் படிக்கறான்னு அம்மாகிட்ட சொல்லுவ. அப்பறம் எப்பிடிப்பா சொல்றது?"

இத்தனை நாள் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்த தன் மேல்தான் அவனுக்கு வெட்கமாக இருந்தது. பிள்ளையை மடியில் இழுத்துக்கொண்டான். "நாளையிலேர்ந்து ரெண்டு பேரும் சேந்து படிக்கலாம். எனக்கும் பாதி மறந்துபோச்சு" என்றான். அது நிஜமும்கூட.

சொல்வது சுலபம். பதினைந்தே நாளில் அடுத்த புழு வந்து இறங்கியது. சாயங்காலத் தழையைப் போட்டுவிட்டு வெளியே வந்து கவியோடு உட்கார்ந்தால், மறுபடி குளிக்காமல் ராத்திரித் தழைக்குச் செட்டுக்குள் போக முடியாது. மாதேஷ் தினமும் இரண்டு தடவை குளித்தான். கார்த்திகைக் குளிரிலும் குளித்தான். பக்கத்துக் காட்டுக் குமார், "என்னாண்ணா, மலைக்கு மாலை போட்டிருக்கியா?" என்று கேலி செய்தான். நிர்மலா சுவரெல்லாம் கரியால் எழுத்து எழுதி வைத்தாள். தண்ணீர்க் குடத்தில், அரிசி டிரம்மில், ஆட்டுக் கொட்டகையில் எல்லாம் பெயர் ஒட்டினாள். சில நாள் கவி எரிச்சலில் புத்தகத்தை வீசுவாள். மாதேஷ் எழுந்து போய் எடுத்துவந்து அதே பக்கத்தைப் பிரிப்பான். ஊரில் மகளைப் பற்றிப் பேசுவதை அவன் சுத்தமாக விட்டுவிட்டான். டீக்கடையில் அவனுக்கு உடம்பு சரியில்லையோ என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள்.

அடுத்த கூட்டம் சரியாகப் புழு, கூடு கட்டுவதற்கு முன்னால் பேய்த்தீனி தின்கிற வாரத்தில் வந்தது. "நீங்க போங்க, நானும் குமாரு வூட்டுக்காரியும் பாத்துக்கறோம்" என்று நிர்மலா அவனைத் தள்ளிவிட்டாள்.

டீச்சர் மேசையிலிருந்து அன்று காலைதான் வந்திறங்கிய புது கதைப் புத்தகம் ஒன்றை எடுத்துக் கவியிடம் கொடுத்தார். கவி இதுவரை பார்த்திராத புத்தகம்.

"ஓர்... எரு... எருமைக்குக்... கண்... கண்ணாடி..." கவி நின்றாள், திரும்பப் போனாள், மறுபடி பிடித்தாள். மூன்று வரியைத் தாண்ட அவளுக்கு ஒரு யுகம் ஆயிற்று. பின்னால் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், "பாவம், பாப்பாவுக்குப் படிப்பு ஏறல போல" என்று பக்கத்தவளிடம் முணுமுணுத்தாள். அது மாதேஷின் காதிலும் விழுந்தது. அவனுக்குக் கோபமே வரவில்லை. விரல் எந்த எழுத்தில் இருக்கிறதோ, அந்த எழுத்துதான் அவள் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"எருமை கண்ணா...டியைப் போட்டுக்... கொண்டு திரும்...பிப் பார்த்தது."

அதோடு கவி நின்றுவிட்டாள். விரல் மட்டும் அடுத்த வரியில் மெதுவாக நகர்ந்தது, உதடு சத்தமில்லாமல் அசைந்தது. டீச்சர் எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தார். அதற்குள் கவி கெக்கெக்கே என்று சிரிக்க ஆரம்பித்தாள்.

கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அந்த வரியில் என்ன இருக்கிறதென்று அங்கே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். மாதேஷுக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது.

"என்னாடி சாமி, எனக்கும் சொல்லேன்" என்றான்.

"இருப்பா, அவசரப்படாத" என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு கவி விரலை வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுபோனாள். "தன்... வா...லைப் பார்த்துப்... பாம்பு... பாம்பு என்று... ஓடி...யது."