மீளப்பெறும் நாள்

ரஜனி தொடுதிரை டப்பைத் துடைத்து, மகளின் பழைய சட்டை ஒன்றில் சுற்றி மேசையில் தயாராக வைத்திருந்தாள். சார்ஜர் வயரைக்கூடச் சுருட்டி றப்பர் போட்டிருந்தாள். கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியின் மேல்மாடிக்கு மூச்சு வாங்க ஏறிவந்த மேனுகா அதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். ஒரு வீட்டிலாவது தர மாட்டோம் என்று சண்டை பிடிக்க மாட்டார்களா என்று அவள் ஏங்கிக்கொண்டிருந்தாள். இந்த ஊரில் இரவல் வாங்கிய குடையைக்கூட யாரும் திருப்பித் தருவதில்லை. டப்பை மட்டும் வீட்டுக்கு வீடு தேநீரும் ஊற்றித் திருப்பித் தந்தார்கள்.

மேனுகா பல்கலைக்கழக விரிவுரையாளர். சின்னப் பிள்ளைகள் தொடுதிரையில் எப்படிக் கற்கிறார்கள் என்பது அவளுடைய கலாநிதிப் பட்ட ஆய்வு. படத்தைத் தொட்டால் குரல் பேசும் செயலி ஒன்றைப் போட்டு, நேர்சரிப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு டப் கொடுத்து, சில மாதம் கழித்துத் திருப்பி எடுக்க வேண்டும். எடுத்த பிறகு பிள்ளையிடம் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் ஆய்வின் கேள்வி. வெள்ளவத்தை வீட்டின் ஜன்னலோரம் இருந்து அந்த வரியை எழுதிய அன்று, தன்னைத் தானே மெச்சிக்கொண்டு போய் ஐஸ்கிறீம் வாங்கிச் சாப்பிட்டவள் அவள்.

அப்போது அவளுக்கு ரஜனியின் மகள் யதுஷியைத் தெரியாது. நாலு வயதாகியும் யதுஷி ஒரு சொல் பேசியதில்லை. காது நன்றாகக் கேட்டது. பேச்சுப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரியில் முறை எப்போது வருமென்றுதான் யாருக்கும் தெரியவில்லை. டப் வந்த பிறகு ஒருநாள் அதைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு வந்து, தண்ணீர்க் கிளாஸின் படத்தைத் தொட்டாளாம். "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று டப் செய்தி வாசிக்கிற குரலில் சொன்னதாம். ரஜனி சட்டியை இறக்கி வைத்துவிட்டு அப்படியே நிலத்தில் இருந்து அழுதாளாம். அதுவரை, பிள்ளை எதற்கு அழுகிறதென்று கண்டுபிடிப்பதிலேயே அவளுடைய பகல்கள் போயிருந்தன.

அந்த டப்பை யதுஷிக்கே விடலாமா என்று மேனுகா தன் ஆய்வுப் பேராசிரியரிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டாள். ஒருத்திக்கு விட்டால் மற்றப் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது, ஆய்வுக்கு என்ன மதிப்பு என்று அவர் கேட்டார். அவள் எழுதிய வரியை அவளுக்கே வாசித்தும் காட்டினார்.

"இதை என்ட போன்ல போடேலாதா மிஸ்?" என்று ரஜனி மேசையிலிருந்த டப்பைக் காட்டிக் கேட்டாள்.

"ஆய்வு முடியிற வரைக்கும் ஏலாது ரஜனி. அடுத்த வருசம் எல்லாருக்கும் குடுப்பம்."

ஆய்வுக்காரர்களின் அடுத்த வருடம் எப்படிப்பட்டதென்று மேனுகாவுக்குத் தெரியும். ரஜனி தலையாட்டிவிட்டு டப்பை எடுத்து நீட்டினாள். மறுபடி கேட்காததுதான் தாங்க முடியாமல் இருந்தது.

டப்பைப் பையில் வைத்துவிட்டு, மேனுகா சோதனையைப் பதிவு செய்யக் கெமராவைப் போட்டாள். அதே படங்கள் அச்சடித்த அட்டைகளை நிலத்தில் பரப்பினாள். தாய் எதுவும் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்பது விதி. யதுஷி குந்தியிருந்து தண்ணீர்க் கிளாஸைத் தேடிப் பிடித்து, விரலால் தொட்டாள். காத்திருந்தாள். நகம் வெளுக்க அழுத்தினாள். அட்டையைப் புரட்டிப் பின்பக்கம் பார்த்தாள். பிறகு, தன் விரலில்தான் பிழை என்று நினைத்தாளோ என்னவோ, மேனுகாவின் கையைப் பிடித்து இழுத்து, அவளுடைய சுட்டுவிரலை அட்டையில் வைத்து அழுத்தினாள்.

அட்டை பேசவில்லை. மேனுகா விரலை எடுக்காமல் இருந்தாள்.

"நான் சொல்லட்டா மிஸ்?"

கதவடியில் நின்ற ரஜனியின் குரல் மிகவும் தணிந்திருந்தது. தன் வீட்டில், தன் பிள்ளைக்கு முன்னால் வாய் திறக்க ஒரு தாய் அனுமதி கேட்கிறாள். மேனுகாவுக்கு வெட்கமாக இருந்தது. எழும்பிக் கெமராவை நிறுத்தினாள்.

"சொல்லுங்கோ."

ரஜனி மகளுக்கு முன்னால் வந்து இருந்தாள். தொண்டையைச் செருமி, தன் வழக்கமான பேச்சை விட்டுவிட்டு, அந்தச் செய்திக் குரலில் சொன்னாள்: "எனக்குத் தண்ணீர் வேண்டும்."

யதுஷி அட்டையைப் போட்டுவிட்டுத் தாயின் முகத்தை உற்றுப் பார்த்தாள். விரலைத் தாயின் உதட்டில் வைத்து அழுத்தினாள்.

"எனக்குத் தண்ணீர் வேண்டும்."

பிள்ளையின் முகம் மலர்ந்தது. மறுபடி அழுத்தினாள். ரஜனி மறுபடி சொன்னாள். யதுஷி தண்ணீர் வருமென்று குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிள்ளைக்குக் குரலாக இருப்பவளும், தண்ணீர் எடுத்துவர எழும்ப வேண்டியவளும் ரஜனிதான். பிள்ளையின் விரல் இன்னும் அவளுடைய உதட்டில் இருந்தது.