ஆழிமங்கலத்தின் தெற்கு வாசல்

மேஜைமேல் வந்து விழுந்த காகிதக் கட்டைப் பிச்சுமணி பிரித்தார். போலீஸ் கவருக்குள் நாற்பத்தொரு தாள்கள். ஒவ்வொரு தாளின் மூலையிலும் எண் போட்டு முத்திரை குத்தியிருந்தார்கள். முதல் தாளில் 'ஆழிமங்கல தேச சரித்திரம், நாலாம் அத்தியாயம்' என்று அச்சுக்கூடத்து ராஜையனின் குண்டு குண்டான கையெழுத்து. எழுத்துதான் ராஜையனுடையது. சரித்திரம் பிச்சுமணியுடையது.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பதினாலு, இங்கிலீஷ் கணக்கில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு அது. கூட்டம் போடத் தடை, ஊர்வலத்துக்குத் தடை, பத்திரிகைக்குத் தடை. தமிழ் பேசுகிற தெற்குத் தாலூகாக்களுக்காக அந்தத் தடைகளையெல்லாம் தமிழில் எழுதிக் கொடுப்பதுதான் பிச்சுமணியின் உத்தியோகம். திருவனந்தபுரத்தில் அந்தச் சர்க்கார் ஆபீஸில் தமிழுக்கென்று இருந்த ஒரே மொழிபெயர்ப்பு குமாஸ்தா அவர். தமிழில் எது பிடிபட்டாலும் இங்கிலீஷாக்க அவரிடம்தான் வந்தாக வேண்டும். தான் எழுதினது தன்னிடமே வரும் என்று மட்டும் அவருக்குத் தோன்றாமல் போயிற்று. அதுதான் விதி என்பது.

அவர் ஒன்றும் ராஜ்யத்தைக் கவிழ்க்கப் புறப்பட்டவர் அல்ல. கரப்பான் பூச்சி பறந்தால் மனைவி சாவித்ரியைக் கூப்பிடுகிற மனுஷன். ஆனால் வருஷக்கணக்காகக் 'கூடாது, கூடாது' என்று எழுதி எழுதி அவருக்கே புளித்துப்போயிருந்தது. அந்தப் புளிப்பில் பிறந்ததுதான் ஆழிமங்கலம். எந்தப் பூகோளப் படத்திலும் கிடையாது. கடல் தாண்டி வந்த பருந்துக்கொடிப் பேரரசு அதைப் பிடித்தது. ராஜாவைச் சிம்மாசனத்திலேயே விட்டுவைத்து, பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு ஓர் அதிகாரியை உட்கார்த்தியது. அப்புறம் ஒவ்வொன்றாக உத்தரவுகள் வந்தன. சாயங்கால முரசுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். பழைய ராஜாக்களின் பெயரைக் குழந்தைகளுக்கு வைக்கக் கூடாது. கடைசியில், வீட்டுக்கு ஒரு தாலாட்டு. எந்தப் பாட்டு என்று முன்கூட்டியே பதிந்துகொள்ள வேண்டும். இரண்டாவது பாட்டு பாடினால் குற்றம். ஜன்னலடியில் காவலர்கள் நின்று கேட்பார்கள்.

ராஜையனுக்குப் பழவங்காடியில் சின்னதாக ஓர் அச்சுக்கூடம். தெற்கே நெய்யூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவர், வார்த்தை தவறாதவர். பிச்சுமணி ஐயரின் கையெழுத்து யார் கண்ணிலும் படக் கூடாதென்று எல்லாவற்றையும் தானே நகலெடுத்துவிட்டு மூலத்தைக் கொளுத்திவிட்டார். முதல் மூன்று அத்தியாயங்களின் நகல் சரிபார்ப்பதற்காகப் பிச்சுமணியின் வீட்டு அரிசிப் பானைக்குள் இருந்தது. மிச்சம் அச்சுக்கூடத்தில் இருந்தபோது போலீஸ் புகுந்தது. பதினோரு நாளாக ராஜையன் லாக்கப்பில். எழுதினது யார் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்களாம். அவர் வாயைத் திறக்கவில்லை.

கட்டு வந்த அன்று சாயங்காலமே பிச்சுமணி அரிசிப் பானையிலிருந்த மூன்று அத்தியாயங்களையும் வெந்நீர் அடுப்பில் போட்டார். என்ன எரிகிறது என்று சாவித்ரி கேட்டதற்குப் பழைய பஞ்சாங்கம் என்றார். மறுநாள் முதல் மொழிபெயர்ப்பு. கூர்மையான இடங்களையெல்லாம் மழுக்கினார். பேரரசு பூதமாயிற்று, அதிகாரி குரங்காயிற்று. முடிவில் 'இது சிறுவர்களுக்கான கட்டுக்கதை, இதில் எந்த ராஜ்யத்தைப் பற்றியும் குறிப்பு இல்லை' என்று சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இந்த ஒரு வரியால் ராஜையன் வெளியே வந்துவிடுவார் என்று நம்பினார். ஐந்தாம் நாள் காலையில் ஃபைல் சூப்பிரண்டின் அறைக்குப் போயிற்று.

மத்தியானம் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தபோது கை அப்படியே நின்றுவிட்டது.

அந்த ஆபீஸில் ஒரு வழக்கம். மொழிபெயர்க்க வருகிற காகிதத்தில் தப்பான விவரம் கண்ணில் பட்டால், மூலத்திலேயே அதை ஊதா மையால் அடித்து, சரியானதை மேலே எழுதி, பக்கத்தில் தன் முதலெழுத்தைப் போட வேண்டும். சர்வே நம்பர் தப்பாகப் போட்ட மனுக்களுக்காக ஏற்பட்டது இது. இருபது வருஷமாக இதைச் செய்து செய்து, தப்பைக் கண்டால் அவர் கை அவரைக் கேட்காமலே போய்விடும். பதினேழாம் தாளில், பருந்துக்கொடிப் படை வடக்கு வாசல் வழியாக ஆழிமங்கலக் கோட்டைக்குள் நுழைந்தது என்று ராஜையன் அசதியில் எழுதியிருந்தார். வடக்கே எப்படி நுழைய முடியும்? 'வடக்கு' என்பதை அடித்து, 'தெற்கு' என்று மேலே எழுதி, 'பி' என்று போட்டிருந்தார் பிச்சுமணி. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் பேனாவால் கெட்டார்.

இல்லாத ஒரு தேசத்துக் கோட்டையில் எந்த வாசல் சரி என்று எழுதினவனைத் தவிர யாருக்குத் தெரியும்? பால் குடிக்கிற குழந்தைகூடக் கேட்கும் இந்தக் கேள்வியை. சாதத்தைக் காக்கைக்கு வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். உள்ளங்கை வேர்த்து வேர்த்து மேஜை நனைந்தது. உத்தியோகம் போகும். அது போகட்டும், லாக்கப்பில் தன்னால் ராஜையனைப் போல ஒரு நாள்கூட வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. நாலு மணிக்குப் பியூன் வந்து, சூப்பிரண்டு கூப்பிடுகிறார் என்றான்.

சூப்பிரண்டு தாணுமாலயன் பிள்ளை சுசீந்திரத்துக்காரர், தை மாசம் ரிட்டயர் ஆகப் போகிறவர். முப்பது வருஷத்தில் ஒரு வரிகூடத் தன் பொறுப்பில் எழுதாதவர் என்று ஆபீஸில் அவரைக் கேலி செய்வார்கள். எந்தக் காகிதத்திலும் 'பார்த்தேன்' என்று மட்டும் எழுதி மேலே தள்ளிவிடுவார். இன்று அவர் கதவைச் சாத்தச் சொன்னார். உட்காரச் சொல்லவில்லை. பதினேழாம் தாளை மட்டும் வெளியே எடுத்து மேஜையில் வைத்து, ஊதா மை இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"ஐயரே, இது உம்ம எழுத்தாக்கும்?"

பிச்சுமணி ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

தாணுமாலயன் பிள்ளை தாளைத் தன் பக்கம் இழுத்து அந்த வரியை மறுபடி படித்தார். வராந்தாவில் யாரோ நடக்கிற சத்தம் கேட்டதும் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் பிச்சுமணி கவனித்தார், சூப்பிரண்டின் நெற்றியும் வேர்த்திருந்தது.

"வடக்க என்ன இருக்கு?" என்றார் பிள்ளை, குரலைத் தாழ்த்தி.

தெரியாது என்று சொன்னால் தப்பலாம். கைதவறி எழுதிவிட்டேன் என்று காலில் விழலாம். பிச்சுமணியின் முழங்கால்கள் அதற்குத் தயாராகத்தான் இருந்தன. ஆனால் அந்த வடக்குப் பக்கத்தைச் சொன்ன காகிதம் சாம்பலாகி நாலு நாள் ஆயிற்று. இப்போது இவரும் தெரியாது என்றால், அப்படி ஒரு இடமே இல்லாமல் போய்விடும். அதைப் பொறுக்க முடியவில்லை அவருக்கு. பயத்துக்கும் மிஞ்சின ஏதோ ஒன்று வாயைத் திறக்க வைத்தது.

"சதுப்பு சார். குதிரை எறங்கினா கழுத்து வரைக்கும் போயிடும். அந்தப் பக்கமா யாராலயும் வர முடியாது."

சொன்ன மறுகணமே, ஐயோ, சொல்லிவிட்டோமே என்று இருந்தது. பிள்ளை பேனாவை மையில் தோய்த்தார். ஒரு சொட்டு மேஜைவிரிப்பில் விழுந்தது. 'பி' என்ற எழுத்துக்குக் கீழே, 'என் உத்தரவின்படி திருத்தப்பட்டது' என்று எழுதி, முழுப் பெயரையும் போட்டார்.

"மேல உள்ளவன் கேட்டான்னா எங்கிட்டயில்லா கேப்பான். கெழவனுக்குப் புத்தி கெட்டுப் போச்சுன்னு சொல்லிக்கிடுவேன். அந்த அச்சுக்கூடத்துக்காரன் நாளைக்கோ மறுநாளோ வந்திருவான். நீரு வீட்டுக்குப் போம். இனிமே ஒரு வரி எழுதப்பிடாது, கேட்டீரா?"

பிச்சுமணி கும்பிடக்கூட மறந்து வெளியே வந்தார். வீடு இருக்கிற ஸ்ரீவராகம் வரைக்கும் நடந்தே போனார். பின்னால் யாராவது வருகிறார்களா என்று மூன்று தடவை திரும்பிப் பார்த்தார். மூன்றாவது தடவை வந்தது ஒரு பசுமாடு. தப்பித்துவிட்டோம் என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தார். மனசு நம்பவில்லை.

தெருவில் விளக்கு வைத்திருந்தார்கள். வீட்டுக்குள் சாவித்ரி தூளியை ஆட்டிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள். குழந்தை சிணுங்கியது. ஒரு பாட்டு முடிந்தது, அடுத்ததை எடுத்தாள்.

பிச்சுமணி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஓடிப்போய்த் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

"போறும் சாவித்ரி. ஒண்ணு பாடினியோல்லியோ, அது போறும்."

"ஏன்னா, கொழந்தை இன்னும் தூங்கலையே?" என்றாள் அவள்.

அவர் ஜன்னலில் காதை வைத்து, வெளியே யாராவது நிற்கிறார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.