கண்ணாடியில் படிந்த மூச்சு

அந்த ஊரில் குளிர்காலத்தில் யாரும் "பூஜ்யத்துக்குக் கீழே" என்று சொல்வதில்லை. அதெல்லாம் வீண் பேச்சு. "இன்னிக்கு நாப்பத்தெட்டு", "நேத்து அம்பத்தொண்ணு" என்று காய்கறி விலை சொல்வதுபோல எண்ணை மட்டும் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். ஸ்பிரிதோன் செத்துப்போன அன்றைக்கு ஐம்பத்திரண்டு.

ஆற்றுக்கு அக்கரையில், மாவட்ட ஊரின் கொதிகலன் கூடத்தில் அவருக்கு வேலை. ஊர் வீடுகளுக்கெல்லாம் சூடு அனுப்புகிற வேலை. அன்று வேலை முடிந்து வந்து வண்டியை முற்றத்தில் நிறுத்தினார். எஞ்சினை ஓடவிட்டு, அதன் மூடிமேல் கம்பளிப் போர்வையைப் போர்த்திவிட்டு உள்ளே வந்தார். "டீ போடு மவ்ரா" என்றார் மனைவியிடம். அவள் டீயை ஊற்றிக்கொண்டு திரும்புவதற்குள், ஒரு பூட்ஸைக் கழற்றி மறு பூட்ஸைக் கழற்றாமல், அடுப்புச் சுவரில் சாய்ந்தபடியே போய்ச் சேர்ந்துவிட்டார். அலறக்கூடத் தோன்றாமல் மவ்ரா டீயும் கையுமாக நின்றாள்.

வெளியே வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

அங்கெல்லாம் குளிர் இறங்கிவிட்டால் வண்டியை அணைக்க மாட்டார்கள். அணைத்தால் எஞ்சின் எண்ணெய் தார் மாதிரி இறுகிப்போகும், பேட்டரி செத்துவிடும், மே மாதம் பனி உருகும்வரை வண்டி வெறும் இரும்பு. ஒன்று, சூடான கொட்டகை வேண்டும். இல்லாவிட்டால் இரவும் பகலும் ஓடவிட வேண்டும். கொட்டகை கட்டுகிற யோசனை ஸ்பிரிதோனுக்குப் பல வருடங்களாக இருந்தது. யோசனை மட்டும்தான் இருந்தது. அதனால் குளிர்காலம் முழுக்க அந்த வண்டி ஜன்னலுக்கு வெளியே உறுமிக்கொண்டே இருக்கும். மவ்ரா திட்டிக்கொண்டே தூங்கிப் பழகியவள்.

குழி வெட்டுவதும் லேசான காரியமில்லை. ஸ்பிரிதோனின் தம்பி புரோகோபியும் ஊர் ஆண்களும் மண்ணின்மேல் கட்டைகளை எரித்து, சாம்பலைத் தள்ளி, ஒரு சாண் வெட்டி, மறுபடி எரித்து, ஒருவழியாக அவரை இறக்கினார்கள். அடக்கம் முடிந்த மறுநாள், புரோகோபிக்குக் கொடுக்கலாம் என்று அவருடைய ரோமக் கையுறையைத் தேடிக்கொண்டு மவ்ரா வண்டிக்குள் ஏறினாள். கையுறை ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் கிடந்தது. எடுத்தவள் அப்படியே அந்த இருக்கையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் பக்கத்து ஜன்னலைப் பார்த்தாள். மற்ற ஜன்னல்களிலெல்லாம் இரட்டைக் கண்ணாடி ஒட்டியிருந்தது; பனி பிடிக்காது. ஓட்டுநர் பக்கம் மட்டும் ஏற்றி இறக்க வேண்டுமே என்று ஒற்றைக் கண்ணாடியாகவே விட்டிருந்தார். அதில் உட்புறமாக உறைபனி படிந்து, கீழே விரல் பருமனுக்கு ஏறியிருந்தது. மேலே, அவருடைய கண் இருக்கும் உயரத்தில், பெருவிரலால் தேய்த்துத் தேய்த்து உண்டாக்கிய முட்டையளவு துவாரம்.

கண்ணாடியின் உட்புறத்தில் பிடிக்கிற பனி வானத்திலிருந்து விழுவதில்லை. உள்ளே இருக்கிறவர் விடுகிற மூச்சுதான் போய் ஒட்டிக்கொண்டு உறைகிறது. அந்த ஊரில் இது கைக்குழந்தையைத் தவிர எல்லாருக்கும் தெரியும். மவ்ராவுக்கும் தெரியும். ஆனால் அன்றைக்குத்தான் அது அவள் மனதில் தைத்தது. மனிதரை மண்ணில் வைத்தாயிற்று. அவர் மூச்சு இங்கே இருக்கிறது. தனியாகப் போய்த் தனியாக வந்த மனிதர், வேறு யாருடைய மூச்சும் இதில் இல்லை. தொடப் போனவள், கைச்சூட்டில் கரைந்துவிடுமே என்று கையை இழுத்துக்கொண்டாள்.

அந்த வண்டியில் ஏறினாலே "சூட்டைக் கூட்டுங்க, இதுலகூடவா கஞ்சத்தனம்?" என்று நச்சரித்தவள் அவள். அன்று அவளே சூட்டை அடியோடு குறைத்து வைத்தாள். அதற்குப் பிறகு தினமும் அடுப்பு வேலை முடிந்ததும், மாட்டுக்கு வைக்கோல் போட்டதும், வந்து உட்காருவாள். ஓட்டுநர் இருக்கையில் இல்லை, தான் எப்போதும் உட்காரும் பக்கத்து இருக்கையில். தன் மூச்சு போய் அவர் மூச்சோடு கலந்துவிடக் கூடாதென்று கம்பளித் துண்டை வாய்மேல் அழுத்திப் பிடித்துக்கொள்வாள். பல் கிட்டித்துப் போகும்வரை இருந்துவிட்டு வீட்டுக்குள் ஓடுவாள்.

எஞ்சினை அணைத்துவிட்டால் அந்தப் பனி இன்னும் பத்திரமாக இருக்குமே என்று யாராவது கேட்கலாம். அவளும் யோசிக்காமல் இல்லை. அவர் ஓடவிட்டுப் போனதை அணைக்க அவளுக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான். துக்கத்தில் இருப்பவளிடம் போய்க் கணக்குக் கேட்டால் அவள் எங்கே போவாள்?

கணக்குக் கேட்கவும் ஒரு ஆள் இருந்தான். புரோகோபி குள்ளம், முதுகு வலிக்காரன், வாய் மட்டும் நீளம். பெட்ரோல் கேனைத் தூக்கிக்கொண்டு வந்து ஊற்றும்போதெல்லாம் புலம்புவான்.

"அண்ணி, நானும் ஊத்திக்கிட்டே இருக்கேன், வண்டி ஒரு அடி நகரல. ஒண்ணு ஓட்டணும், இல்ல அணைக்கணும். சும்மா நிக்க வச்சு உறும விட்டா எஞ்சின் என்னத்துக்கு ஆவும்?"

"நாப்பதாம் நாள் வரைக்கும் ஓடட்டும் தம்பி."

"நாப்பதாம் நாள் கணக்கு ஆத்மாவுக்கு. டொயோட்டாவுக்கும் உண்டுன்னு பாதிரியார் சொல்லலையே!"

"முதுகு வலின்னா சொல்லு, நானே கேனைத் தூக்கிக்கிறேன்."

"வேணாம் தாயே. நீங்க கேனைத் தூக்கி வழுக்கி விழுவீங்க, அப்புறம் உங்களையும் நான்தான் தூக்கணும்."

கண்ணாடி விஷயத்தை அவள் அவனிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைப்பான். இல்லை, சிரிப்பான். இரண்டில் எதையும் தாங்குகிற நிலையில் அவள் இல்லை.

பக்கத்து வீட்டுத் துயாரா கதவைத் தட்டியது ஒரு மத்தியானம். தட்டியது என்று சொல்வது தப்பு, மோதினாள். தலையில் தொப்பிகூட இல்லை.

"அக்கா, பாப்பா மூச்சு விட முடியாம தவிக்குது. நெஞ்சுக்கூடு உள்ள இழுக்குதுன்னு நர்ஸ் சொல்றாங்க. உடனே அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணுமாம். இங்க இருக்கிற ஆம்புலன்ஸ் காலையிலயே வேற ஊருக்குப் போயிருச்சு."

அவள் புருஷன் வைரச் சுரங்கத்தில் வேலைக்குப் போயிருந்தான். ஊர் ஆண்களோ ஏரியில் பனிக்கட்டிக்கு அடியே வலை இழுக்க, இருக்கிற வண்டிகளையெல்லாம் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். முதுகு வலி புண்ணியத்தில் புரோகோபி மட்டும் வீட்டில் இருந்தான். அவன் வண்டியோ அக்டோபரிலேயே படுத்துவிட்டது. ஊரில் ஓடிக்கொண்டிருந்த வண்டி ஒன்றுதான்.

"போ, புரோகோபியைக் கூட்டிட்டு வா. நான் போர்வையை எடுக்கிறேன்" என்றாள் மவ்ரா. அந்த நிமிடம் அவளுக்குக் கண்ணாடி ஞாபகமே வரவில்லை. வழிப்பயணம் நல்லபடியாக முடிய வேண்டுமென்று ஒரு துண்டு அப்பத்தை வெண்ணெயில் தோய்த்து அடுப்பு நெருப்புக்குப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

புரோகோபி இருக்கையை முன்னுக்கு இழுத்து உட்கார்ந்தான். துயாரா ரோமப் பொதியாகச் சுற்றிய குழந்தையோடு பின்னால் ஏறினாள். குழந்தைக்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை. அதன் மூச்சு கிழிந்த துருத்தி மாதிரி இழுத்தது.

"இந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியலையே" என்று புரோகோபி பனி சுரண்டுகிற தகட்டை எடுத்தான்.

"தொடாதே!"

மவ்ரா போட்ட சத்தத்தில் தகடு அவன் கையிலிருந்து விழுந்தது.

"மேல துவாரம் இருக்குல்ல, அது வழியா பாரேன்" என்றாள், குரலைத் தணித்துக்கொண்டு.

"அது அண்ணன் உயரத்துக்கு அண்ணி. நான் என்ன நின்னுக்கிட்டா ஓட்டறது? ஆத்துல ஓரத்துக் கிளை தெரியலேன்னா எல்லாரும் சேர்ந்து கீழ போய் மீன் பிடிக்க வேண்டியதுதான்."

அவன் சொன்னது நியாயம். ஆற்றுப் பனிமேல் போகிற பாதைக்கு எல்லை, ஓரமாக நட்டு வைத்த கிளைகள்தான். அதைத் தாண்டினால் பனி எங்கே மெல்லிசு என்று யாருக்கும் தெரியாது. பின்னாலிருந்து துயாரா, "அக்கா..." என்றாள்.

மவ்ரா குனிந்து தகட்டை எடுத்தாள். "நகரு. நானே சுரண்டறேன்."

கீழ்ப்பாதியை மட்டும் சுரண்டினாள். பனி வெள்ளைத் தூளாக அவள் கைமேலும் புரோகோபியின் முழங்கால்மேலும் விழுந்தது. அவன் அதை உப்பைத் தட்டுவதுபோலத் தட்டிவிட்டான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். மேல்பாதியையும் அந்தத் துவாரத்தையும் அப்படியே விட்டுவிட்டு, சுற்றிப் போய்த் தன் இருக்கையில் ஏறினாள்.

"சூட்டைக் கூட்டு" என்று அவளே சொன்னாள். "பாப்பாவுக்குக் குளிரும்."

வண்டி ஆற்றில் இறங்கியது. கிளைகள் ஒவ்வொன்றாகப் பின்னுக்குப் போயின. சூடு ஏற ஏற, மேலே இருந்த பனி ஓரத்தில் பளபளத்தது, பிறகு ஒரு சொட்டு கிளம்பி நேராகக் கீழே ஓடியது. இன்னொன்று. புரோகோபி பார்வையை மறைத்த சொட்டுகளைக் கையுறையால் துடைத்துக்கொண்டே ஓட்டினான். பின்னால் அந்தக் குழந்தை மூச்சுக்குத் திண்டாடிக்கொண்டிருந்தது. முன்னால் அவர் மூச்சு சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டிருந்தது. 'உனக்கு இன்றைக்குத்தானா உடம்புக்கு வர வேண்டும்?' என்று ஒரு கணம் அந்தக் குழந்தைமேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்தில் வெட்கமும் வந்தது. திரும்பி, பொதிக்குள் கையைவிட்டு அதன் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். தீயாய்ச் சுட்டது.

ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது கண்ணாடியில் ஒரு கையகலம் மிஞ்சியிருந்தது, துவாரத்தைச் சுற்றி. போதும் என்று நினைத்தாள். திரும்பிப் போகும்போது சூட்டைக் குறைத்துவிடலாம். ஒரு கையகலம் இருந்தால் போதும், மே மாதம்வரை காப்பாற்றிவிடலாம். வண்டியை வெளியிலேயே நிறுத்து என்று புரோகோபியிடம் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் துயாரா கதவைத் திறந்துகொண்டு ஓட, பனியில் அவள் கால் வழுக்க, இவளும் பிடித்துக்கொண்டே ஓட வேண்டியதாயிற்று.

உள்ளே குழந்தைக்கு மூக்கில் குழாய் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். வெகுநேரம் கழித்துத்தான் டாக்டர் வெளியே வந்தார். சின்ன வயசுப் பெண். "நல்ல நேரத்துக்குக் கொண்டுவந்தீங்க. இனிமே பயமில்லை" என்றார். துயாரா மவ்ராவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"அண்ணன் வண்டி இல்லேன்னா என் பொண்ணு இல்லக்கா."

"சரி, சரி. போய் அவ பக்கத்துல உட்காரு" என்றாள் மவ்ரா. சந்தோஷம்தான் அவளுக்கும். பொய்யில்லை. ஆனாலும் கால் வாசலுக்கு இழுத்தது.

வாசலில் வண்டி இல்லை. எதிரே கொதிகலன் கூடம். அதன் பெரிய கதவு கொஞ்சம் திறந்திருக்க, உள்ளேயிருந்து ஆவி வந்தது. ஸ்பிரிதோனோடு வேலை பார்த்த ஒருவர் அவளைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார்.

"எங்க ஸ்பிரிதோன் வண்டி வெளியில நடுங்கிக்கிட்டு நிக்கலாமாம்மா? நாங்கதான் உள்ள கொண்டுவரச் சொன்னோம்."

வண்டி கொதிகலன் பக்கத்தில் நின்றது. எத்தனையோ நாளைக்குப் பிறகு எஞ்சின் சத்தம் இல்லை. வண்டியிலிருந்து தண்ணீர் சொட்டிச் சிமெண்டுத் தரையில் ஓடிச் சாக்கடைக்குள் போய்க்கொண்டிருந்தது. புரோகோபி சட்டைக் கையை மடித்துவிட்டு, ஒரு பழந்துணியால் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். முதுகு வலியை மறந்து வேலை செய்திருந்தான்.

"பாப்பா பிழைச்சுக்கிச்சாமே! நர்ஸ் வந்து சொன்னாங்க" என்றான் உற்சாகமாக. "பாருங்க அண்ணி, எந்தப் பக்கம் பார்த்தாலும் பளிச்சுனு தெரியுது. எஞ்சினையும் அணைச்சுப் போட்டேன், பாவம், அதுக்கும் ஓய்வு வேணாமா? இந்தச் சூட்டுல எப்ப வேணா கிளப்பிக்கலாம்."

மவ்ரா ஓட்டுநர் பக்கத்துக்குப் போனாள். கண்ணாடி காய்ந்து, சுத்தமாக இருந்தது. கதவைத் திறந்து, உட்புறத்தில் துவாரம் இருந்த உயரத்தில் உள்ளங்கையை வைத்தாள். இப்போது தொடுவதற்குப் பயப்பட ஒன்றுமில்லை.

"தம்பி."

"சொல்லுங்க அண்ணி."

"இதுல இருந்த பனி உங்க அண்ணன் விட்ட மூச்சுடா."

புரோகோபிக்கு முதலில் விளங்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவள் வீட்டு முற்றத்தில் போட்ட சத்தம் அப்போதுதான் அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். முகம் மெல்ல மெல்லச் சுருங்கியது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா நீ சிரிப்பேன்னு நினைச்சேன்."

அவன் சிரிக்கவில்லை. ஈரத்துணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதைப் பிழியவும் மாட்டாமல், எங்கே வைப்பதென்றும் தெரியாமல் நின்றான்.